முதுகை நீவினேன், பேச்சு வாங்கினேன்

சுளுக்கு எடுக்கிற தொழிலில் கை வலிப்பதைவிடக் காது வலிப்பதுதான் அதிகம். பிள்ளைப்பேறு பார்க்கிறவர்கள், பல் பிடுங்குகிறவர்கள், முடி வெட்டுகிறவர்கள் என்று அடுத்தவர் உடம்பைத் தொட்டுப் பிழைக்கிற யாராக இருந்தாலும் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், என் வயிற்றெரிச்சலாவது கொஞ்சம் குறையட்டும்.

ரப்பர் விலை உச்சியில் இருந்த காலத்திலும் சரி, அது தரையில் விழுந்து கிடந்த காலத்திலும் சரி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற மெர்லிமா ஊரில் நான் இந்த வேலையைத்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டினார். பஸ் போகிற ரோட்டில் ஒரு சீனர் மளிகைக் கடைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. அதில் ஒரு பாய், ஒரு தலையணை, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஒரு சட்டியில். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, கை கால் மரத்துப் போனது, பிள்ளைகளுக்கு உரம் விழுந்தது எல்லாம் பார்ப்பேன். எலும்பு முறிந்திருந்தால் தொட மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவேன். அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எனக்குப் பாக்கியக்கா என்று பெயர். என் தகப்பனார் வயதுக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பதில் சொல்லும் புருஷன்

ஒரு மத்தியானம் ஒருத்தர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குத் தலை இடது பக்கமே திரும்பிப் போயிருந்தது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "எங்கம்மா வலிக்குது?" என்று அவளைக் கேட்டேன். "பின் கழுத்துல" என்றார் அவர். "எப்பருந்து?" என்றேன். "முந்தாநேத்து காலையில" என்றார் அவர். "ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டேன். "நல்லாத் தூங்கினா" என்றார். அவள் தலையை ஆட்ட முடியாமல் கண்ணை மட்டும் இல்லை என்பதுபோல் உருட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, கழுத்து பிடிச்சது உனக்கா, அவளுக்கா? வாசல்ல போய் நில்லு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் வைத்து, தோள்பட்டையிலிருந்து மெதுவாக இறக்கி இறக்கி நீவினேன். அவள் பேசினாள். காலையில் ரப்பர் மரத்தைப் பாலுக்காக வெட்டி, அந்தப் பாலைச் சுமந்துவிட்டு, அதன் பிறகு கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்துக்குத் தண்ணீர் தூக்கி, சாயங்காலம் விறகும் தலையில் சுமக்கிறாளாம். புருஷனுக்குத் தலையில் சுமை வைத்தால் கௌரவக் குறைச்சலாம். கழுத்து பாதி திரும்பியது. "ஒரு வாரத்துக்குத் தலையில எதையும் வைக்காதே" என்று அவருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிக் கதவைத் திறந்தேன். வாசலில், வரும் வழியில் வாங்கிப் போட்டிருந்த ஒரு பெரிய விறகுக் கட்டின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து, மனைவியின் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதான் திரும்புதே, இந்தக் கட்டத் தூக்கித் தலையில வையி, பொழுதாவுது."

ஆள் மாற்றி அனுப்பிய கிராணி

பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லையாம். ஆனால் கூலிக்காரர்கள் படுக்கிற பாயில் வந்து படுக்க அவருக்கு மனசு வரவில்லை. பெண்பிள்ளை கை தன்மேல் படுவதும் பிடிக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? தன் மனைவியை வண்டி வைத்து அனுப்பினார். நான் அந்த அம்மாள் இடுப்பில் செய்து காட்ட வேண்டுமாம். அதை அந்த அம்மாள் படித்துக்கொண்டு போய் வீட்டில் புருஷனுக்குச் செய்வாராம். சமையல் குறிப்பு கேட்டு அனுப்புகிற மாதிரி! திருப்பி அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. வரிசையாகப் பிள்ளை பெற்ற உடம்பு. உட்காரும்போதே முருங்கைக்காய் முறிகிற மாதிரி முதுகில் சத்தம் வந்தது.

படுக்க வைத்துச் செய்தேன். எது எந்த இடம், எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் பதிலே இல்லை. குனிந்து பார்த்தால் அந்த அம்மாள் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. வண்டிக்காரன் வாசலில் இருமிக்கொண்டே நின்றான். விழித்ததும் அவசரமாகக் கொண்டையை முடிந்து, புடவையைச் சரிசெய்தார். "சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் வண்டிக்காரனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணும் புரியலக்கா, அவருக்கு நாளைக்கும் வலிக்கட்டும், நானே வந்து இன்னொரு தடவ கத்துக்கிறேன்."

தோள்

காண்டாக் கட்டையைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்கு அது வெறும் மூங்கில். இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டு, மேடு பள்ளத்தில் ஒரே தோளில் சுமந்து, பால் நிறுக்கிற ஸ்டோர் வரைக்கும் நடந்து பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். பால் சிந்தினால் ஏச்சு, தாமதமானாலும் ஏச்சு. ஒரு வாலிபன் வந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வலது தோள் கீழே இறங்கி, மேலே கொழுக்கட்டை மாதிரி ஒரு கட்டி. விரல்களில் எறும்பு ஊர்கிறது என்றான். வெட்டுக் கத்தி கையிலிருந்து நழுவி விழுகிறது என்றான். நரம்பு நசுங்குகிறதப்பா, கொஞ்ச நாள் சுமக்காமல் இருந்தால் நான் நீவி விடுவதற்கும் பலன் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவன் வரவில்லை, அவனை வேலை வாங்குகிற மண்டோர் வந்தார். வாசலில் நின்றபடியே சத்தம். "யாரு இங்க வைத்தியச்சி? நீ படுத்துக்கோன்னு சொன்னா அவன் படுத்துக்குவான். பால நீ வந்து தூக்குவியா?" கடைக்காரச் சீனர்கூடக் கணக்குப் போடும் மணிச்சட்டத்தைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "கையே வராமப் போச்சுன்னா அப்புறம் யாரு தூக்குவா? ஆளுக்கு ஒரு வாளியாப் பிரிச்சுக் கொடுத்தா உங்க தோட்டம் மூழ்கிப் போயிடுமா? அவன் தோள வந்து பாருங்கய்யா, மனுசன் தோளா அது?" என்று கத்தினேன்.

அவர் வாசற்படி ஏறி வந்தார். மேல் சட்டையின் பொத்தானை அவிழ்த்தார். அடிக்கத்தான் வருகிறாரோ என்று பின்னால் நகர்ந்தேன். சட்டையை ஒரு பக்கம் இறக்கித் தோளைக் காட்டினார். அதே இடத்தில் அதே கட்டி, அவனுடையதைவிடப் பெரியது, கல் மாதிரி இறுகிப் போனது. அந்தக் கையை அவரால் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்தத் தோளைத் தடவி விட்டுக்கொண்டே, ஏதோ என்னை ஜெயித்துவிட்டவர் மாதிரி கேட்டார்: "எனக்கும்தான் இருக்கு, நான் செத்தா போயிட்டேன்?"

தொடாத கைக்கு வந்த பெயர்

பச்சைப் பிள்ளை ராப்பகலாக அழுதால் தோட்டத்தில் முதலில் சொல்வது உரம் விழுந்திருக்கிறது என்பதுதான். பழைய வேட்டியில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து மெதுவாக உருட்டினால் பெரும்பாலும் பிடிப்பு விட்டுப் பிள்ளை தூங்கிவிடும். அப்படித்தான் ஒரு மாமியாரும் மருமகளும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாங்கி மடியில் போட்டேன். உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கிறது. கழுத்து பின்னால் விறைத்து நிற்கிறது. அழுகைகூடச் சரியாக வரவில்லை, முனகல்தான். நான் பிள்ளையைத் தாயிடமே திருப்பிக் கொடுத்தேன். "இது உரம் இல்ல. நான் தொட மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

மாமியார் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா பிள்ளை திரும்பி வருமா? கைராசிக்காரின்னு சொன்னாங்களே, இவ கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. ஏன், பெரிய எடத்துப் பிள்ளைன்னாத்தான் தொடுவியோ?" தெருவே கூடிவிட்டது. மருமகள் என் காலைப் பிடித்து, ஒரே ஒரு தடவை உருட்டி விடுங்கக்கா என்று அழுகிறாள். உருட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. என் வீட்டுக்காரரை வண்டி கட்டச் சொன்னேன். பிள்ளையையும் தாயையும் ஏற்றினேன். மாமியார் ஏற மாட்டேன் என்றார், தூக்கி வைத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தது. பிழைத்தது. பிறகு ஒருநாள் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் அந்த மாமியார், இடுப்பில் அதே பிள்ளை, சுற்றிலும் நாலைந்து பெண்கள். என்னைப் பார்க்கவில்லை. நன்றியாக ஒரு வார்த்தை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் பிள்ளையின் தலையைத் தடவியபடி அந்தப் பெண்களிடம் சொன்னார்: "எல்லாம் அந்தப் பாக்கியம் கை படாததாலதான் எம் பேரன் பொழைச்சான்."

நரம்பு டானிக்

கோலா சுங்கை பாருவில் என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே போயிருந்தபோது கடற்கரைப் பக்கம் ஒருவர் கடை விரித்து, நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என்று சிவப்புத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார். நரம்புதான் உடம்புக்கு வேர், வேருக்குத் தண்ணீர் ஊற்றாமல் இலையை நீவி விட்டு என்ன பிரயோசனம் என்று ஒரே முழக்கம். இலையை நீவுகிறவள் யார் என்று கூட்டமே திரும்பி என்னைப் பார்த்தது. என் நாத்தனார்தான் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள்!

மறுநாள் அதே மனுஷர் நாத்தனார் வீட்டு வாசலில். பாட்டில் பெட்டியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதாம், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததோ இல்லையோ, ஆத்திரம் வந்தது. ஆனாலும் வலியோடு வந்தவரைத் துரத்த முடியுமா? படுக்க வைத்தேன். "வேருக்கு ஊத்துற தண்ணி கையிலேயே இருக்கே, ஒரு மடக்கு குடிச்சிருக்கலாமே?" என்று கேட்டபடி கொஞ்சம் அழுத்தமாகவே ஓர் அழுத்து அழுத்தினேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் அலறினார்: "ஐயோ, அது ஊருக்குக் கொடுக்கிறதும்மா!"

வேப்பங்கொத்து

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். அவ்வளவு தூரம் நான் போவதில்லை. அன்றைக்குப் போனேன். ஒரு பெண், பெயர் செல்லம்மா. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போனவள். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்க்கப் பாதி வேலையில் வர அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவள் வரும்போது பிள்ளை உயிரோடு இல்லை. அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. கை நடுங்குகிறது. யாராவது பாத்திரத்தைக் கீழே வைத்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. நரம்பு இழுக்குது, பேய் பிடித்திருக்குது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். லயத்து வாசலில் அவள் தாய்மாமன் வேப்பங்கொத்தோடு நின்றார். அடித்துப் பேயை ஓட்டப் போகிறாராம். ஏற்கெனவே ஒரு தரம் அடித்திருக்கிறார்கள், அவள் கையில் கோடு கோடாகத் தடம் இருந்தது.

"பிள்ளையைப் பறிகொடுத்தவள அடிக்கிறீங்களே, அவள அனுப்ப மாட்டேன்னு சொன்னவன் வாசலுக்குக் கொத்தத் தூக்கிட்டுப் போங்களேன் பாப்போம்" என்று கேட்டேன். மாமன் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரையும் வெளியே அனுப்பினேன். அவளுக்குச் சுளுக்கு எங்கும் இல்லை. முதுகு முழுக்கப் பலகை மாதிரி இறுகியிருந்தது, அவ்வளவுதான். சுடவைத்த எண்ணெயைக் கையில் எடுத்துக்கொண்டு பிடரியிலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே என்று வெறுமனே தடவிக்கொண்டே இருந்தேன். முதலில் உடம்பு உதறியது. பிறகு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அழுது முடித்து, கண் சொருகித் தூங்கப் போகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பிள்ள போனதுலேருந்து அடிக்காம எம்மேல பட்ட கை உங்க கைதான்க்கா."

நேராக நின்றவர்

ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வைத்து, வேலைக்கு ஆகிறவன், ஆகாதவன் என்று பிரித்து, ஆகாதவர்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று பேச்சு. முதுகு வளைந்தவன் ஆகாதவன். அந்த முதுகை வளைத்தது யார் வீட்டு வேலை என்று கேட்பார் இல்லை. சடையன் என்று ஒருவர் என்னிடம் வந்தார். இடுப்பு கூன் விழுந்து, கைகளை முழங்காலில் ஊன்றித்தான் நிற்க முடியும். அவருக்கு ஊரில் ஒரு குழி நிலம் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மகளை மெர்லிமாவிலேயே கட்டிக் கொடுத்திருந்தார், அவள் மாசமாக இருந்தாள். "கப்பல்ல ஏத்திட்டா அவ முகத்த இனிமே எப்பப் பாப்பேன்? அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் நேரா நிக்கணும் அக்கா, அது போதும்" என்றார்.

தினமும் வந்தார். நானும் என் வீட்டுக்காரருமாகச் சேர்ந்து ஒத்தடம் கொடுத்து, நீவி, மெல்ல மெல்ல நிமிர்த்தினோம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், சத்தமே வராது. அந்தக் காலையில் பழைய சேலையைக் கிழித்து இடுப்பை இறுக்கிக் கட்டி, மேலே சட்டை போட்டு அனுப்பினேன். அவர் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தீயவே விட்டுவிட்டேன்.

நடந்ததை அவர் மருமகன் முந்திக்கொண்டு ஓடி வந்து சொன்னார். துரை வரிசையின் முன்னால் நடந்து வர, கூட வந்த கங்காணி ஒவ்வொருத்தரையாகக் குனிந்து வாளியைத் தூக்கச் சொன்னாராம். சடையன் குனிந்தார், தூக்கினார், நிமிர்ந்தார். துரை தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். சடையனோடு ஒன்றாகவே மரம் வெட்டிய ஆள் பக்கத்தில் நின்றவர். அவரால் நிமிர முடியவில்லை. அவரை ஆகாதவர்கள் பக்கம் தள்ளினார்கள். இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவதா, யாரையாவது பிடித்து உலுக்குவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் சடையன் வாசலில் வந்து நின்றார். நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறார், நெற்றியில் வேர்வை ஊற்றுகிறது, உதடெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. இரண்டு கையையும் கூப்பியபடி சொன்னார்: "நேரா நின்னுட்டேன் அக்கா, வேலை இருக்கு, இப்ப என்னக் கொஞ்சம் மடக்கி விடுங்க, உக்கார முடியல."

எனக்கு வந்தபோது

இத்தனை பேருக்குச் செய்த பிறகு ஒரு மழைக்காலத்தில் எனக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாயை விட்டு எழ முடியவில்லை. வீட்டுக்காரர் நீவுகிறேன் என்று மாட்டுக்கு லாடம் அடிக்கிற பலத்தில் குத்தி, வலியை இரண்டு பங்காக்கினார். சேதி பரவி ஆட்கள் பார்க்க வந்தார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான். உங்களுக்கேவா என்று கேட்டவர்கள் பாதி. கொல்லன் வீட்டுக் கத்தியே மொட்டையா என்கிற மாதிரி சிரித்தவர்கள் மீதி. ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஓர் ஆள் இல்லை.

அப்போது ஓர் அம்மாள் ஒரு கையை மறு கையில் பிள்ளை மாதிரி தாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். மணிக்கட்டு பிசகியிருக்கிறது. நான் கிடக்கிற கோலத்தைப் பார்த்து நல்ல கையைக் கன்னத்தில் வைத்தார். ஐயோ பாவம் என்றார். இவராவது இரக்கப்படுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. அவர் வசதியாகப் பாய் ஓரத்தில் உட்கார்ந்து, பிசகின கையை என் மூக்குக்கு நேரே நீட்டிச் சொன்னார்: "நீங்க எந்திரிக்காதீங்கக்கா, படுத்துக்கிட்டே எனக்குப் பாருங்க."

மனுஷன் முதுகை வளைக்க ஊரே முண்டியடித்துக்கொண்டு வருகிறது, நிமிர்த்துவதற்கு மட்டும் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டு அவளையும் வைதுகொண்டே போகிறது.